தாய்வழி இழைமணியும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும்

மட்டக்களப்புத் தமிழரின் சமூக அமைப்பினை ஆராய்ந்தோர் முதற்கண் எடுத்துரைப்பது அங்கு நிலவும் தாய்வழிக் குடிமுறையினையே ஆகும். ஒருவர் எக்குடியினர் என்பது தாயைக் கொண்டே துணியப்படும். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகச் சேர்வதும், மணமகன் மனைவியின் இல்லம் புகுந்து வாழ்வதும், கோயில் முறைமைகள் குடிவழியே பகுக்கப்படுவதும் இந்நிலத்தின் பழைய வழக்காறுகள். ஒரு தாய் வயிற்று மரபினைச் சுட்ட 'வயிற்றுவார்' என்றொரு சொல்லே இங்கு வழங்கி வந்துள்ளது.

மக்கள் வகுத்த இத்தாய்வழியினைப் போலவே, இயற்கை வகுத்த தாய்வழியொன்றும் மனித உடலில் உண்டு. ஒவ்வொரு கலத்தினுள்ளும் உறைந்து, உயிர்வாழ்தற்கு வேண்டிய சத்தியினை ஆக்கித் தரும் இழைமணி என்னும் நுண்ணிய உறுப்பு தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகின்றது. தந்தையின் பங்கு அதில் இல்லையென்றே கொள்ளலாம். இவ்விழைமணியில் நேரும் மாறுதல்களுக்கும் பெண்களை வருத்தும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் தொடர்புண்டு என அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. அவ்வாறாயின், தாய்க்கு வந்த நோய் மகளுக்கும் வந்தே தீருமோ? தாய்வழியைப் பெரிதாகப் போற்றும் ஒரு சமூகத்திலே இவ்வினா எழுவது இயல்பு. அதற்குத் தவறான விடை கொள்ளின் விளையுங் கேடு சிறிதன்று. விதியென்று எண்ணியவள் மருத்துவரை நாடாள். தன் குடியில் எவர்க்கும் அந்நோய் இல்லையென்று எண்ணியவளும் நாடாள். ஆதலின் உண்மை யாதென ஆராய்தல் தக்கதாகும்.

இழைமணி என்பது கலத்தின் குழியவுருவிலே காணப்படும் ஒரு புன்னங்கம். 1890ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் றிச்சாட் அல்ற்மன் கலங்களுக்குள் மணிபோன்ற உருக்கள் நிறைந்திருத்தலைக் கண்டு, அவை உயிரின் அடிப்படை அலகுகளாதல் வேண்டும் எனக் கருதினார். 1898இல் கார்ல் பெண்டா என்பவர், இழையாகவும் மணியாகவும் தோன்றும் அவற்றிற்கு அப்பொருள்படக் கிரேக்க மொழியிற் பெயரிட்டார். தமிழில் வழங்கும் இழைமணி என்னும் பெயர் அக்கருத்தினையே தாங்கி நிற்கின்றது. ஒரு கலத்தினுள் இவை நூற்றுக்கணக்காகவும், உழைப்பு மிக்க கலங்களில் ஆயிரக்கணக்காகவும் உள்ளன.

இவ்வுறுப்பின் வரலாறு வியக்கத்தக்கது. தனித்து வாழ்ந்த பற்றீரியம் ஒன்று மிகப் பழங்காலத்திலே வேறொரு கலத்தினுட் புகுந்து, அழியாது, அதனோடு கூடி வாழத் தலைப்பட்டதென்றும், அதன் வழிவந்ததே இழைமணியென்றும் உயிரியலார் கொள்வர். 1967இல் லின் மாகுலிசு என்னும் அமெரிக்க அம்மையார் இக்கொள்கையினை வலியுறுத்தி எழுதினார். அன்று ஐயத்தோடு நோக்கப்பட்ட அக்கொள்கை இன்று பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. இழைமணி தனக்கெனத் தனியொரு டீ.என்.ஏ. உடைத்தாயிருத்தல் இதற்குச் சிறந்த சான்று. கருவிலுள்ள டீ.என்.ஏ. முந்நூறு கோடிக்கு மேற்பட்ட மூல இணைகள் கொண்டது. இழைமணியின் டீ.என்.ஏ. வளையமாக அமைந்து 16,569 மூல இணைகளையே கொண்டது. அதன் முழு வரிசையும் 1981இல் இங்கிலாந்தின் கேம்பிறிச்சு நகரிற் கண்டறியப்பட்டது. அதில் 37 பரம்பரையலகுகள் உள. அவற்றுள் 13 மட்டுமே புரதங்களை ஆக்குவன. இழைமணிக்கு வேண்டிய ஏனைய ஆயிரத்துக்கு மேற்பட்ட புரதங்கள் கருவின் கட்டளைப்படியே ஆக்கப்பட்டு உள்ளே அனுப்பப்படுகின்றன. எனவே இழைமணி தாய்வழி வந்ததாயினும், அதன் நலன் தாய் தந்தை இருவரும் அளித்த கருவினையும் சார்ந்ததே என்பது மனங்கொள்ளத்தக்கது.

முட்டைக் கலத்தில் இவ்வளைய டீ.என்.ஏ. ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாக உள்ளது. விந்திற் காணப்படுவன மிகச் சில. அவையும் கருக்கட்டிய பின்னர் அழிக்கப்படுகின்றன. தாய் தன் இழைமணியை மகனுக்கும் மகளுக்கும் அளிக்கின்றாள். ஆயின் மகள் மட்டுமே அதனை மேற்கொண்டு வழங்க வல்லவள். குடிமுறையும் இவ்வாறே நடைபெறுதலை மட்டக்களப்பார் எளிதில் உணர்வர்.

இழைமணியின் தொழில்கள் பல. அவற்றுள் மூன்று ஈண்டு இன்றியமையாதன. முதலாவது சுவாசம். உணவிலிருந்து பெற்ற குளுக்கோசு குழியவுருவில் ஓரளவு சிதைக்கப்பட்டு இழைமணியை அடைகின்றது. அங்கு அதிலிருந்து பெறப்படும் இலத்திரன்கள் உட்சவ்வின் மடிப்புகளில் அமைந்த புரதங்களின் வழியே படிப்படியாக இறங்கி, ஈற்றில் ஒட்சிசனைச் சேர்ந்து நீராகின்றன. அவ்வேளை வெளிப்படும் சத்தி ஏ.ரீ.பீ. என்னும் சேர்வையாகச் சேமிக்கப்படுகின்றது. ஒட்சிசனின் துணையின்றிச் சிதையும் ஒரு குளுக்கோசு மூலக்கூறு இரண்டு ஏ.ரீ.பீ. மூலக்கூறுகளையே தரும், இழைமணியின் வழிச் சென்றால் ஏறத்தாழ முப்பது கிடைக்கும்.

இரண்டாவது, இச்சுவாசத்தின்போது சிறுபான்மையான இலத்திரன்கள் வழிதவறி ஒட்சிசனைச் சேர்ந்து, எதனையும் விரைந்து தாக்கவல்ல ஒட்சிசன் மூலிகங்களை உண்டாக்குதல். எரியும் விளக்குப் புகையும் எழுப்புவது போல்வது இது. இப்புகை அளவோடிருப்பின் கலம் அதனைத் தாங்கிக்கொள்ளும். மிகுமாயின் புரதங்களும் டீ.என்.ஏ.யும் பழுதுறும். அதற்கு மிக அண்மையிலிருப்பது இழைமணியின் டீ.என்.ஏ. கருவின் டீ.என்.ஏ.யைப் போலப் புரதங்களாற் சுற்றிப் போர்த்தப்படாமலும், திருத்தும் வசதி குறைந்தும் இருப்பதால், அதில் விகாரங்கள் கருவிற் காட்டிலும் பன்மடங்கு விரைவாக நிகழ்கின்றன.

மூன்றாவது தொழில், பழுதுற்ற கலத்தை மடியச் செய்தலாகும். திருத்தவியலாத கேடுற்ற கலம், உடலின் நன்மை கருதித் தானே அழிதல் வேண்டும். அதற்கான கட்டளை வருமிடத்து, இழைமணியின் புறச்சவ்வு திறந்து அதனுள்ளிருக்கும் ஒரு புரதம் வெளிப்பட, கலத்தைச் சிதைக்கும் நொதியங்கள் தொழிற்படத் தொடங்கும். இம்முறை தவறின், மடிய வேண்டிய கலம் மடியாது பெருகும். புற்றுநோயின் தொடக்கம் அதுவே.

இனி நோயினை நோக்குவோம். கருப்பையின் கீழ்ப்புறத்தே ஒடுங்கிய பகுதி கருப்பைக் கழுத்து. அங்கே இருவகை மேலணி இழையங்கள் சந்திக்கும் எல்லையொன்று உண்டு. பூப்பெய்திய பின்னர் அவ்வெல்லையில் ஒருவகைக் கலம் மற்றொருவகையாக மாறிக்கொண்டேயிருக்கும். மாறுங் கலம் ஊறுபடுதற்கு எளிது. நோய் பெரும்பாலும் அங்கேயே தோன்றுகின்றது. 2022இல் உலகெங்கும் ஏறத்தாழ 6,60,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர். ஏறத்தாழ 3,50,000 பேர் இறந்தனர். இறந்தோருட் பெரும்பாலார் வருவாய் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர் என்பது கருதற்பாலது. தவிர்க்கத்தக்க நோயொன்று வறியோரையே தெரிந்தெடுத்துக் கொல்கின்றது.

இந்நோயின் காரணம் நெடுங்காலம் அறியப்படவில்லை. செருமானிய மருத்துவரான ஹரால்ட் சூர் ஹவுசனும் அவர்தம் குழுவினரும் 1983இல் மனிதப் பப்பிலோமா வைரசின் 16ஆம் வகையினையும், 1984இல் 18ஆம் வகையினையும் இப்புற்றுக் கலங்களிற் கண்டனர். அவருக்கு 2008இல் நோபெற் பரிசு வழங்கப்பெற்றது. இந்நோயின் ஏறத்தாழ எல்லா நேர்வுகளிலும் இவ்வைரசின் ஏதாவதொரு வகை காணப்படும். பத்தில் ஏழு பங்குக்கு 16, 18 ஆகிய இருவகைகளே பொறுப்பு. 1951இல் அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரில் இந்நோயால் இறந்த என்றியற்றா இலாக்சு என்னும் பெண்ணின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட கலங்கள் இன்றும் உலகின் ஆய்வுகூடங்களில் வளர்ந்துவருகின்றன. அவற்றினுள்ளும் 18ஆம் வகை வைரசே உறைகின்றது. அப்பெண்ணின் இசைவு கேளாமலே அவை எடுக்கப்பட்டன என்பதும் மறத்தற்குரியதன்று.

வைரசு தொற்றிய பெண்கள் யாவரும் நோயுறுவரோ எனின், இல்லை. மணவாழ்க்கையின் இயல்பான உறவினாலேயே பரவும் இவ்வைரசு பெரும்பாலாருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றுகின்றது. ஆகையால் இதனை ஒழுக்கக் கேட்டின் அடையாளமாகக் கொள்ளுதல் அறியாமை. தொற்றியவருள் மிகப் பெரும்பாலாரின் உடல் ஓரிரு ஆண்டுகளில் அதனைத் தானே அகற்றிவிடும். எஞ்சிய சிலரிடத்தே அது நிலைத்து, பதினைந்து இருபது ஆண்டுகளிற் புற்றாக முற்றுகின்றது. ஒரே வைரசு ஒருத்தியை விட்டு நீங்க, மற்றொருத்தியிடம் நிலைப்பதேன்? இவ்வினாவிற்கு விடை தேடுமிடத்தே இழைமணி ஆய்வாளர் கண்ணிற் பட்டது.

வைரசு ஆக்கும் புரதங்களுள் ஈ6, ஈ7 என்னும் இரண்டும் கொடியவை. ஈ7 கலப்பிரிவினைக் கட்டுப்படுத்தும் புரதமொன்றனை முடக்கும். ஈ6 என்பது பி53 என்னும் காவற் புரதத்தை அழிக்கும். வட்டைக்கு ஒரு விதானையார் எத்தகையரோ, கலத்திற்கு பி53 அத்தகையது. பழுது கண்டவிடத்துப் பிரிவை நிறுத்துவதும், பழுது மிகின் இழைமணிக்குச் சொல்லிக் கலத்தை மடியச் செய்வதும், இழைமணியின் சுவாசம் செவ்வனே நடைபெற உதவுவதும் அதன் கடமைகள். காவலன் அழிந்தபின் இம்மூன்றும் தளர்கின்றன. மேலும், ஈ6 புரதத்தின் குறுகிய வடிவமொன்று ஒட்சிசன் மூலிகங்களைப் பெருக்குதலும், கொடிய வகை வைரசுகளின் ஈ2 புரதம் இழைமணியின் சவ்வினையே சென்றடைந்து அதன் தொழிலைக் குலைத்தலும் ஆய்வுகூடக் கலங்களிற் காணப்பட்டுள்ளன. மூலிகங்கள் மிகுங்கால் கருவின் டீ.என்.ஏ.யில் முறிவுகள் உண்டாகும். அம்முறிவுகளின் வழியே வைரசின் டீ.என்.ஏ. மனித டீ.என்.ஏ.யோடு இணைந்துகொள்ள இடம் வாய்க்கின்றது. அவ்விணைப்பு நோய் முற்றுதற்கு ஒரு பெரும்படியாகும். புகைபிடித்தலும் இவ்வகை மூலிகங்களை மிகுவிப்பதாகும். வைரசு தொற்றிய பெண்ணுக்கு அது நோயினை விரைவுபடுத்தும் துணைக்காரணம் என்பது நன்கு நிறுவப்பட்டது.

புற்றுக்கும் சுவாசத்துக்கும் உள்ள தொடர்பு முதலில் உணரப்பட்டது நூறாண்டுகளுக்கு முன்னராகும். 1920களில் ஒற்றோ வார்பேர்க்கு என்னும் செருமானியர், புற்றுக் கலங்கள் ஒட்சிசன் தாராளமாக இருக்கும்போதும் குளுக்கோசினை மிகுதியாக உண்டு, அதனை முற்றாக எரிக்காது இலற்றிக்கமிலமாகவே விடுதலைக் கண்டார். விறகு நிறைய இட்டும் நன்கு எரியாது கரியாகவே எஞ்சும் அடுப்பினை இஃது ஒக்கும். இழைமணி பழுதுறுதலே புற்றின் முதற்காரணம் என அவர் முடிவு கட்டினார். கண்ட காட்சி சரியே; கட்டிய முடிபு முழுதும் சரியன்று. பெரும்பாலான புற்றுக் கலங்களின் இழைமணிகள் தொழிற்படுகின்றன என்றும், விரைந்து பெருகுதற்கு வேண்டிய கட்டுமானப் பொருள்களைப் பெறும்பொருட்டே அக்கலங்கள் வழிமாறுகின்றன என்றும் பின்வந்தோர் தெளிந்தனர். இழைமணியின் மாறுதல் நோயின் வேரன்று. வேரூன்றிய நோய்க்கு அது மண்ணும் நீருமாகின்றது.

இழைமணியின் டீ.என்.ஏ.யில் நேரும் மாறுதல்கள் இருவகைப்படும். ஒன்று, வாழ்நாளிடையே கட்டியின் கலங்களில் மட்டும் தோன்றுவது. 2005இல் வெளியான இந்திய ஆய்வொன்று, கருப்பைக் கழுத்துப் புற்றுக் கலங்களில் இழைமணி டீ.என்.ஏ.யின் டீ-வளையம் என்னும் கட்டுப்பாட்டுப் பகுதியில் விகாரங்கள் மிகுதியாக உள்ளமையினைக் காட்டியது. வளைய டீ.என்.ஏ.யின் படிகள் எண்ணிக்கையில் மாறுபடுதலை வேறு ஆய்வுகள் காட்டின. இவை கட்டியில் தோன்றியவை ஆதலால் மகளுக்குச் செல்வன அல்ல. அன்றியும், இவற்றுள் எவை நோயினை உந்தியவை, எவை நோயின் விளைவாக வெறுமனே உடன்வந்தவை என்று பிரித்தறிதல் எளிதன்று. நூலறுந்த பின்னர் வலையிற் பல கண்கள் கிழிவது போல, ஒரு கேட்டின் பின் பல கேடுகள் வரும். முதலிற் கிழிந்த கண் எதுவெனக் காண்பதே அரிது.

மற்றொன்று, பிறவியிலேயே தாய்வழி வந்த வேறுபாடு. மனிதகுலத்தின் தாய்வழி மரபுகளை இழைமணி டீ.என்.ஏ. கொண்டு கிளைகளாக வகுப்பர். ஒரு கிளையினர் மற்றொரு கிளையினரினும் இந்நோய்க்கு எளிதில் ஆளாவரோ என மெக்சிக்கோ, சீனம் முதலிய நாடுகளில் ஆராயப்பட்டது. சில ஆய்வுகள் சிறு தொடர்பினைக் காட்டின. எனினும் ஒருநாட்டு முடிவு மற்றொரு நாட்டுக்குப் பொருந்திவரவில்லை. நோயுற்றவளின் மகளுக்கும் உடன்பிறந்தாளுக்கும் இடர் ஓரளவு கூடுதலாயிருத்தல் உண்மையே. அதற்குக் கருவின் பரம்பரையலகுகளும், ஒரே வீட்டின் வறுமை, இளமை மணம், பரிசோதனையின்மை முதலிய பொதுச்சூழலும் காரணங்களாகலாம். எவ்வாறாயினும், வைரசு நிலைத்திராத இடத்தில் இழைமணியின் வேறுபாடு தானாக இந்நோயினைத் தோற்றுவிப்பதாகக் காட்டப்படவில்லை. மகள் தாயிடமிருந்து பெறுவது இழைமணியை, நோயை அன்று.

இம்முடிபின் பயன் நடைமுறையில் மிகப் பெரிது. இழைமணியினை மாற்ற எவராலும் இயலாது. ஆனால் வைரசினைத் தடுக்கவும், புற்றாகுமுன் மாறுதலைக் கண்டு அகற்றவும் இன்று இயலும். பதினைந்து இருபது ஆண்டுகள் என்பது நீண்ட அவகாசம். அந்த அவகாசத்தில் ஒருமுறை, இருமுறை பரிசோதித்தாலே போதிய நன்மை உண்டாதலைத் தமிழ்நாட்டுத் திண்டுக்கல் மாவட்டத்தின் சிற்றூர்கள் உலகுக்குக் காட்டின. அங்கு 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சிபெற்ற தாதியர் பரிசோதித்தனர். கருவி எதுவெனின், வினாகிரியின் சாரமாகிய அசற்றிக்கமிலமே. அமிலம் பட்ட இடம் வெண்மையுறின் அங்கு மாறுதல் உண்டென்பது குறிப்பு. 2007இல் வெளியான முடிவின்படி, ஒரேயொரு முறை நடைபெற்ற இப்பரிசோதனையால் நோய் 25 சதவீதமும், அதனாலாகும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. மராட்டிய நாட்டு உசுமானாபாத்து மாவட்டத்தில் வைரசினையே தேடும் பரிசோதனை ஒருமுறை செய்யப்பட்டது. இறப்பு ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தமை 2009இல் அறிவிக்கப்பட்டது.

இவ்விடத்து வியன்னா நகர மருத்துவர் சில்லர் 1928இல் எடுத்துரைத்த அயடீன் பரிசோதனையும் நினைக்கத்தக்கது. நலமுள்ள மேலணிக் கலங்கள் முதிர்ந்து, வெல்லத்தைக் கிளைக்கோசனாகச் சேமித்து வைத்திருப்பதால் அயடீன் பட்டதும் கபில நிறமுறும். முதிராது பெருகும் மாறிய கலங்களிற் சேமிப்பு இல்லை. அவ்விடம் மஞ்சளாகவே நிற்கும். சேமித்து வாழும் கலத்தையும் சேமிப்பின்றிச் செலவிட்டுப் பெருகும் கலத்தையும் வெறுங்கண்ணே வேறுபடுத்துகின்றது.

இலங்கையிலும் வழிகள் திறந்தேயுள்ளன. 1996 முதல் சுவநாரி கிளினிக்கு எனப்படும் மகளிர் நல நிலையங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடைபெறுகின்றன. 35 வயதினையும், பின்னர் 45 வயதினையும் எய்தும் பெண்கள் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு அங்கு அழைக்கப்படுகின்றனர். கலங்களை மெல்லத் தடவியெடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்க்கும் பாப் பரிசோதனை, கிரேக்க நாட்டிற் பிறந்த பப்பனிக்கொலா என்னும் மருத்துவர் கண்ட முறையாகும். சில நிமிடங்களில் முடிவது; பணம் வேண்டாதது. 2017 முதல் பாடசாலைகளில் ஆறாந் தர மாணவியருக்கு வைரசுத் தடுப்பூசி ஆறு மாத இடைவெளியில் இருமுறை ஏற்றும் திட்டம் நாடெங்கும் தொடங்கிற்று.

இனி மாங்கேணியினை எண்ணிப் பார்க்க. திருகோணமலை வீதியில் வாகரைக்குத் தெற்கே கடலோரத்தமைந்த அவ்வூரும் அதன் அயலும் 2004இன் கடற்கோளையும், 2006, 2007ஆம் ஆண்டுகளின் போர்க்கால இடப்பெயர்வினையும் கண்ட நிலம். அந்நாளில் இளமங்கையராய்க் கூடாரங்களில் வாழ்ந்தோர் இன்று முப்பத்தைந்து வயதைச் சூழ்ந்து நிற்கின்றனர். ஏறத்தாழ 2006க்கு முன் பிறந்த அவர்களைப் பாடசாலைத் தடுப்பூசித் திட்டம் சேரவில்லை. மகள் ஊசியாற் காக்கப்படுகின்றாள். தாய்க்குப் பரிசோதனை ஒன்றே காவல். ஆயின் பரிசோதனைக்குச் செல்ல வேண்டியவளைத் தடுப்பன பல: அன்றாடக் கூலி, தொலைவு, அனைத்தினும் மேலாக நாணம். உறவின் பின்னோ, மாதவிடாய் நாள்களுக்கிடையிலோ, மாதவிடாய் நின்ற பின்னரோ உதிரம் கண்டும் வாய் திறவாது மாதக்கணக்கிற் பொறுத்திருக்கும் பெண்கள் உளர். அக்குறிகள் தோன்றியவள் கிளினிக்கு நாளை நோக்கிக் காத்திராது உடனே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். குறி எதுவும் தோன்றாதவளே பரிசோதனைக்குரியவள். ஏனெனில் மாறுதல் நோவின்றியே வளர்வது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஓர் இலக்கு வகுத்தது. பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுமியருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் ஊசி பெறுதலும், பெண்களுள் நூற்றுக்கு எழுபதின்மர் 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதிக்கப்படுதலும், நோய் கண்டோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுவர் சிகிச்சை பெறுதலும் 2030க்குள் நிறைவேறின், இந்நூற்றாண்டிலேயே இந்நோய் அருகிப் போகும் என்பது அதன் கணிப்பு. இவ்விலக்கில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டு. ஊசிப் படிவத்திற் கையொப்பமிடத் தயங்கும் பெற்றோர்க்கு விளக்குபவர் ஆசிரியரே. தாயையும் தமக்கையையும் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லத்தக்கவர், இதனைப் படிக்கும் மாணவரும் பழைய மாணவருமே.

தாய்வழியைப் போற்றும் இந்நிலத்தில் வீடும் வளவும் மகளுக்குச் செல்கின்றன. அவற்றோடு இந்த அறிவும் செல்லுமாயின், அது அழியாச் சீதனமாகும்.